மலைக்குக் குடிவரும் தங்கச்சிக்கு

மாப்பிள்ளைக்குக் குன்னூருக்கு மாற்றல் என்றதும் நீ கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஸ்வெட்டர்க்கா வாங்கணும்?" என்பதுதான். ஸ்வெட்டர் கிடக்கட்டும், அதை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். ஊட்டிக்கு மூன்று நாள் வந்து போனவர்கள் சொல்கிற யோசனைகளை மட்டும் இப்போதே காதில் வாங்காமல் இரு. அவர்கள் பார்த்த மலை வேறு. நீ சமைத்து, துவைத்து, பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பிக் குடித்தனம் நடத்தப்போகும் மலை வேறு. இங்கே சந்தோஷமாக இருக்க அக்கா சொல்கிற ஒரே சூத்திரம்: காலண்டரைப் பார்த்து வெளியே கிளம்பாதே, வானத்தைப் பார்த்துக் கிளம்பு. அதைப் பழகிவிட்டால் இந்த ஊரைப்போல ஊர் கிடையாது. பழகாவிட்டால் ஆறே மாதத்தில் "எப்போ கீழே போவோம்" என்று புலம்ப ஆரம்பித்துவிடுவாய். இங்கே எல்லோருக்கும் சமவெளி என்றால் "கீழே"தான். நீயும் சீக்கிரம் அப்படித்தான் பேசுவாய்.

வீடு பிடிப்பதற்கு முன்

பால்கனியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று புரோக்கர் ஒரு வீட்டைக் காட்டுவார். மயங்கிவிடாதே. காட்சி திறந்து கிடக்கிற பக்கமாகத்தான் காற்றும் சாரலும் வந்து அறையும். உனக்கு வேண்டியது காலை வெயில் உள்ளே விழுகிற ஜன்னல். மரங்களின் நிழலில், சரிவின் அடியில் இருக்கும் வீடு ஏப்ரலில் சொர்க்கம். நவம்பரில் துணி காயாது, சுவர் காயாது, மனசும் காயாது. முடிந்தால் ஒரு மழை நாளில், சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பார். பீரோ நின்ற இடத்தின் பின்சுவரைக் கையால் தொட்டுப் பார். அந்த ஒரு சுவர் மட்டும் புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தால் காரணம் கேள்.

வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி இடம் எடுத்திருக்கிறார்களா என்பதையும் கவனி. வெட்டியிருந்தால் தடுப்புச் சுவர் வேண்டும். அந்தச் சுவரில் மழைத்தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டிருக்க வேண்டும். தண்ணீர் வெளியே வராமல் உள்ளே தேங்கினால் மண் கனத்துப்போய், சுவரைத் தள்ளிக்கொண்டு வரும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வாடகை ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று இந்த விஷயத்தில் சமாதானம் செய்துகொள்ளாதே.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்றும் எண்ணிப் பார்த்துவிடு. இங்கே நிறைய வீடுகளுக்கு வண்டி போகாது. கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் ஆள் தோளில்தான் ஏறி வரும். உன் அத்தையின் முழங்காலை நினைத்துக்கொள். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. கோடையில் குழாயைத் திறந்ததும் கொட்டும் என்று எதிர்பார்க்காதே. எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள், தொட்டி எத்தனை லிட்டர் என்று வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டம்மாவிடம் கேள். உண்மை அங்கேதான் கிடைக்கும்.

அடுப்பங்கரையும் குளிரும்

குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். குன்னூரில் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். கொதிக்கிறதே என்று நீ பருப்பைப் போட்டால் அது வேகாமல் முறைத்துக்கொண்டு நிற்கும், ஏனென்றால் சூடு அவ்வளவுதான் ஏறியிருக்கிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு, கொண்டைக்கடலை எதையும் வைக்காதே, எல்லாவற்றுக்கும் குக்கர்தான். கீழே விடுவதைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடு.

இட்லி மாவுதான் எல்லோரையும் அழவைக்கும். கீழே ராத்திரி அரைத்துக் காலையில் பொங்குகிற மாவு, டிசம்பரில் இங்கே ஒரு முழு நாள் எடுத்தாலும் எடுக்கும். அரைத்ததும் கையால் நன்றாக அடித்துக் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீர் வைத்த பெரிய பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே பழைய கம்பளியைச் சுற்றிவிடு. தயிருக்கு ஹாட்பேக். பால் கீழே விடுகிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போதே உறை ஊற்று, உறை மோரும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெயை அகல வாய் டப்பாவில் ஊற்றி வை. குறுகிய வாய் பாட்டிலில் கட்டியாகிவிட்டால் காலையில் தலை வாரும் அவசரத்தில் உனக்கும் பாட்டிலுக்கும் மல்யுத்தம்தான்.

இனி சொல்லப்போவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. குளிருகிறது என்று கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ கதவு சாத்திய படுக்கையறைக்குள் ஒருநாளும் கொண்டுபோகாதே. புகை தெரியாது, வாசனை தெரியாது. கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலை ஊர்களில் இப்படிக் குடும்பமாக இறந்துபோன செய்திகள் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரும் அதே ஆபத்துதான். குளிருக்கு வெந்நீர்ப் பையும், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய கம்பளியும் போதும். ஒரே தடித்த கம்பளியைவிட இரண்டு மெல்லியதுக்குத்தான் சூடு அதிகம், துவைத்தால் காய்வதும் சீக்கிரம்.

பூஞ்சை வரும், வரத்தான் செய்யும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வை. வெயில் அடிக்கும் நாளில் மத்தியானம் பீரோக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவிடு. பட்டுப்புடவைகளை மாதம் ஒருமுறை எடுத்துப் பிரித்து மடி. மாப்பிள்ளையின் தோல் ஷூவை மழைக்காலம் முழுக்க அலமாரிக்குள் மறந்துவிட்டால் பச்சை நிறத்தில் வெளியே வரும்.

எங்கே போவது, எப்போது போவது

இதுதான் நீ கேட்கக் காத்திருந்த பகுதி, எனக்கும் பிடித்தது.

சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நீலகிரிக்கு இரண்டு மழை, ஆனால் இரண்டும் ஒரே பக்கம் பெய்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை அடித்து நொறுக்கும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, ஊட்டி எல்லாம் நனைந்து கிடக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதே நாட்களில் கிழக்குப் பக்கமான குன்னூர், கோத்தகிரியில் தூறலும் நடுநடுவே வெயிலுமாகச் சமாளிக்கும்படி இருக்கும். அக்டோபர் பிறந்ததும் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் திரும்பிவிடும். அதனால் ஜூலையில் கோத்தகிரிப் பக்கம் போ, நவம்பரில் வெயில் தேடி ஊட்டிப் பக்கம் போ. இதை மட்டும் மனதில் வைத்தால் வருஷத்தில் எந்த மாதமும் ஞாயிற்றுக்கிழமை வீணாகாது.

ஏப்ரல், மே மாதத்துக்கு இங்கே "சீசன்" என்று பெயர். சீசனில் ஊட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பாப்பா அடம் பிடித்தால் வார நாளில், கதவு திறக்கும் நேரத்துக்குப் போய், பத்தரை மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடு. என்னைக் கேட்டால், 1848-ல் உருவாக்கத் தொடங்கிய அந்தப் பூங்காவின் பெரிய மரங்களை நிம்மதியாக அண்ணாந்து பார்க்கச் சரியான காலம் ஜனவரி, பிப்ரவரி. பூ குறைவு, கூட்டமும் குறைவு, வானம் கண்ணாடி.

உனக்கு அன்றாடத்துக்கு நம் சிம்ஸ் பூங்கா இருக்கிறது. 1874-ல் தொடங்கியது, ஒரு பள்ளச் சரிவில் படிப்படியாக இறங்குவதால் நடந்தாலே உடம்புக்கு வேலை கிடைத்துவிடும். மே மாதம் பழக் கண்காட்சி நடக்கும்போது மட்டும் தவிர்த்துவிடு. மற்ற நாளில் பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே அங்கே போய் ஒரு சுற்று நட. வீட்டுக்கு வந்த பிறகு நடக்கலாம் என்று நினைத்தால் துணியும் பாத்திரமும் உன்னைப் பிடித்துக்கொள்ளும்.

மலை ரயிலைச் சுற்றுலாப் பொருளாக மட்டும் பார்க்காதே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கி, 1908-ல் ஊட்டிக்கு நீட்டப்பட்ட 46 கிலோமீட்டர் பாதை அது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் ஏறுகிறது. 12 அடி போனால் 1 அடி ஏறுகிற செங்குத்து அது. அந்தப் பகுதிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரத்தும் ஆகும். ஆனால் குன்னூர், ஊட்டி இடையே ஓடுகிற வண்டி நமக்குப் பஸ் மாதிரி. சீசன் இல்லாத செவ்வாய், புதனில் ஏறி கேத்தியிலோ லவ்டேலிலோ இறங்கு. சின்ன ஸ்டேஷன், நாலு பெஞ்ச், கண்ணுக்கெட்டும் தூரம் வரை கேரட், கோஸ் பாத்திகள். சாப்பாடு கட்டிக்கொண்டு போய், அடுத்த வண்டியில் திரும்பி வா. இதற்கு மேல் ஒரு நாளுக்கு என்ன வேண்டும்?

காட்சிமுனைகளுக்கு மத்தியானம் கிளம்பாதே. பன்னிரண்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மிஸ்ட் ஏறிவிட்டால், டால்பின் மூக்கில் நின்றாலும் பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளைதான் தெரிவார். காலை ஒன்பது மணிக்குள் போனால் எதிர்மலையில் கேத்தரின் அருவி வெள்ளைக் கோடாக இறங்குவது தெரியும். கோடநாடு காட்சிமுனை இன்னும் எனக்குப் பிடித்தது. அங்கிருந்து கீழே மோயாறு வளைந்து போவதும் தெங்குமரஹடா வயல்களும் தெரியும். கூட்டமும் கடைகளும் குறைவு.

காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டால் வனத்துறை அனுமதியோடு மட்டும் போ. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் பல நீலகிரியில்தான் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் அந்த இடத்துப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாகக் கூட வருவார்கள். கோத்தகிரி பக்கத்து லாங்வுட் சோலை பாப்பாவோடு போக ஏற்றது. தீ பிடிக்கும் காலமான பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பாதைகளை மூடிவிடுவது வழக்கம். மழைக்குப் பிறகு போனால் அட்டை ஏறும். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள், ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொள். பிடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காதே, உப்பைத் தொட்டு வை, தானே விழுந்துவிடும். பைக்காரா மாதிரி நீர்நிலைகளில் தண்ணீர் அமைதியாகத் தெரிகிறதே என்று யாரும் இறங்கவே கூடாது. மேலே சலனமில்லை, அடியில் சேறும் குழியும்.

முகத்துக்கு ஒரு வார்த்தை. குளிர்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதே. உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், சுடுவதே தெரியாமல் கறுத்துப்போவாய். தொப்பியும் சன்ஸ்கிரீனும் இங்கேதான் அதிகம் தேவை. உதட்டுக்கு நெய் போதும்.

மழை விடாமல் பிடிக்கும் வாரங்களுக்கும் பொழுது உண்டு. ஊட்டியில் 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. அந்த உயரமான ஜன்னலடியில் உட்கார்ந்து படிப்பது தனி சுகம். இல்லையென்றால் வீட்டிலேயே பேக்கரியிலிருந்து சுடச்சுட வர்க்கியும், கையோடு ஒரு டீயும். டீத்தூளை ரோட்டோரம் 'ஃபேக்டரி விலை' என்று போர்டு வைத்த கடைகளில் வாங்காதே. கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் விற்பனை நிலையத்தில் வாங்கு. உறைபனிக் காலமான டிசம்பர், ஜனவரியில் கிள்ளிய இலையின் தூள் கிடைத்தால் விடாதே. வாசனையே வேறு. 'ஹோம் மேட்' சாக்லேட்டை உறவினர்களுக்கு வாங்கிக் கொடு. நமக்கு வேண்டாம், வெறும் சர்க்கரை.

பழத்துக்கு மே, ஜூன். பிளம்ஸ், பீச், பேரி என்று வரிசையாக வரும். ஊர்ப்பிள்ளைகள் 'தாட்பூட்' என்று சொல்லும் பழத்தைப் பாப்பாவுக்கு அறிமுகப்படுத்து. மங்குஸ்தானுக்குப் பர்லியாறு போக வேண்டும். காய்கறி உழவர் சந்தையில் காலையிலேயே வாங்கிவிடு. படுகர் வீட்டு அம்மா யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் அவரைக் குழம்பு வைக்கக் கற்றுக்கொள். ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போ. வெள்ளை உடுத்தி ஊரே திரண்டு போகும் அந்தக் காட்சியைச் சுற்றுலாப் புத்தகத்தில் பார்க்க முடியாது.

நம்மைப் பார்க்க வருகிறவர்கள்

மலையில் வீடு எடுத்தால் தூரத்துச் சொந்தமெல்லாம் பக்கத்துச் சொந்தமாகிவிடும். ஏப்ரலில் போன் மேல் போன் வரும். கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடு: வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7 முதல் இருக்கிறது. 2025 சீசனில் வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தியது. நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வந்தால் செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள், அபராதம் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல். சீசனில் பெரும்பாலும் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள், அதையும் சொல்லிவை.

ஓட்டி வருகிறவர் இளரத்தமாக இருந்தால் உன் மாமா எல்லோருக்கும் சொல்கிற பாடத்தைச் சொல்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், ஏறுகிற வண்டிக்கு வழி விடு. வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்ட டிபன் வாங்கிக் கொடுக்காமல், இஞ்சி மரப்பாவைக் கையில் கொடுத்து முன் சீட்டில் உட்காரவைத்தால் போதும்.

நமக்கு முன்பே குடியிருப்பவை

காட்டுமாடும் கரடியும் குன்னூர், கோத்தகிரி தெருக்களில் சாதாரணமாக நடமாடும். பயப்படவும் வேண்டாம், நெருங்கவும் வேண்டாம். காட்டுமாட்டைப் பார்த்தால் போனை வெளியே எடுக்காமல் நின்று வழி விடு. கன்றுக்கும் தாய்க்கும் நடுவே மட்டும் போய்விடாதே. விடியலுக்கு முன்னும் இருட்டிய பிறகும் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் தனியாக நடக்காதே. கையில் டார்ச், வாயில் சத்தம், இரண்டும் இருக்கட்டும். மிச்சம் மீதியை ராத்திரி வெளியே வைத்தால் கரடிக்கு விருந்து வைத்த மாதிரி. எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவையே உடைத்து உள்ளே போகிற பிராணி அது. பலாப்பழக் காலத்தில் பர்லியாறு, குஞ்சப்பனை பக்கம் யானை இறங்கும். அந்த மாதங்களில் இரவுப் பயணத்தைத் தவிர்த்துவிடு. குரங்குக்குச் சாப்பாடு கொடுக்கிற விருந்தாளி யாராக இருந்தாலும் அதட்டு. அவர் போய்விடுவார், குரங்கு உன் வீட்டுக்குத்தான் மறுநாளும் வரும்.

அக்டோபர் முடிவதற்குள் ஒரு வாரத்துக்கான மளிகை, மாற்று சிலிண்டர், மெழுகுவத்தி, சார்ஜ் ஏற்றிய விளக்கு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ ரோடு நிற்கும், கரண்ட்டும் நிற்கும். அத்தையின் பிரஷர் மாத்திரையும் இன்ஹேலரும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், மூச்சிரைப்பும் கூடும். கிளம்புவதற்கு முன் அவரை அங்கேயே டாக்டரிடம் காட்டி, மலைக்குப் போகிறோம் என்று சொல்லி, மருந்தின் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

கடைசியாக, சாமான் லாரி. சீசனில் பகல் நேரத்தில் பெரிய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வைப்பார்கள், வாடகையும் எகிறும். மார்ச் மூன்றாவது வாரத்துக்குள் ஏற்றிவிடு. ஃப்ரிட்ஜைக் கொண்டுவா. ஏசியை அங்கேயே விற்றுவிடு.